பழைய பீங்கான் தட்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் திருப்பிப் பாருங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று எந்த ஊர்ப் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தாலும், பித்தளை அண்டாவுக்கும் தேக்கு ஊஞ்சல் பலகைக்கும் நடுவில் நீலப்பூ போட்ட தட்டு ஒன்றிரண்டைச் சாய்த்து வைத்திருப்பார்கள். நாம் விலை கேட்பதற்குள் கதை வந்துவிடும். "தரங்கம்பாடி டேனிஷ்காரன் காலத்து சாமான் சார்", "அரண்மனையிலிருந்து வந்தது சார்". இந்தக் கதைகளில் சில உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தட்டைக் கையில் வாங்குங்கள். எந்த நாட்டில் செய்தது, சுமாராக எந்தக் காலத்தது, கையால் வரைந்ததா, உடைந்து ஒட்டியதா என்பதில் பாதியைத் தட்டே சொல்லிவிடும். அதைக் கேட்டுக்கொள்ளப் பழகத்தான் இந்தக் கட்டுரை. அதன் பிறகு கதையைக் கேட்டால், அது ஒத்துப்போகிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.

டெல்டாவில் இந்தத் தட்டுகள் கிடைப்பதில் வியப்பொன்றும் இல்லை. சோழர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துக்குத் தூது அனுப்பியிருக்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் வைத்திருந்தார்கள். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. இவ்வளவும் போதாதென்று ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று கப்பலேறிப் போய்ச் சம்பாதித்தவர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தவை வேறு. புதிதாகச் சேர்ப்பவர் கைக்கு எட்டக்கூடியவை பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்: 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, 20-ம் நூற்றாண்டின் முதல் பாதி. அதில் குறைபட ஒன்றுமில்லை. அருமையான தட்டுகள் அந்தக் காலத்தில்தான் ஏராளமாக வந்தன.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டைக்குப் போய்விட்டு வாருங்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பீங்கான் பாத்திரங்களும் சீனத் தேயிலை ஜாடிகளும் இருக்கின்றன. கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பழைய சீனப் பீங்கானின் வெள்ளை பால் வெள்ளை அல்ல. அதில் லேசான நீலமோ சாம்பலோ கலந்திருக்கும். நீலக்கோடு ஒரே அடர்த்தியாக இருக்காது. தூரிகை நின்ற இடத்தில் சாயம் தேங்கிக் கருத்திருக்கும், இழுத்த இடத்தில் வெளுத்திருக்கும். இது கண்ணில் பதிந்துவிட்டால் கடையில் பாதி ஏமாற்றம் தப்பும்.

கையோடு மூன்று பொருள் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் இருப்பதை நம்பாமல் ஒரு நல்ல டார்ச், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸ், கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு. தட்டைத் தொடுமுன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் எடுங்கள்.

இது பீங்கான்தானா?

நம் ஊரில் பளபளப்பாக வெள்ளையாக இருக்கும் எல்லாவற்றையும் பீங்கான் என்றுதான் சொல்கிறோம். சேர்ப்பவருக்கு அது போதாது. வெண்களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமப் பாறைப்பொடியைச் சேர்த்து 1,300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூளையில் சுட்டு, உள்ளுக்குள்ளேயே கண்ணாடித்தன்மை ஏறியதுதான் உண்மையான பீங்கான். அதைவிடக் குறைந்த சூட்டில் வெந்து, மேலே மட்டும் கண்ணாடிப் பூச்சு ஏற்றியது மண்பாண்ட வகை. டச்சுக்காரர்களின் புகழ்பெற்ற டெல்ஃப்ட் நீலத் தட்டுகூட இரண்டாவது வகைதான். வெள்ளீயப் பூச்சு அதன் மண்ணை மறைத்துப் பீங்கான் போலக் காட்டுகிறது. இங்கிலாந்தில் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசையா ஸ்போட் செம்மைப்படுத்திய போன் சைனா மூன்றாவது வகை. அதில் ஏறக்குறைய பாதி மாட்டெலும்புச் சாம்பல். வீட்டுப் பூஜை அலமாரியில் தட்டு வைக்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

பிரித்தறிவது கஷ்டமில்லை. தட்டுக்குப் பின்னால் விரல்களை விரித்து வைத்து, அந்தப் பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். விரல் நிழல் இந்தப் பக்கம் தெரிந்தால் பீங்கானாகவோ போன் சைனாவாகவோ இருக்கும். வெளிச்சம் குளிர்ந்த நீல வெள்ளையாக வந்தால் முன்னது, இளமஞ்சள் கலந்து வந்தால் பெரும்பாலும் பின்னது. வெளிச்சமே வராவிட்டால் மண்பாண்டமாக இருக்கலாம். ஆனால் கனமான பெரிய பீங்கான் தட்டிலும் வெளிச்சம் வராது. நாகூர், முத்துப்பேட்டை பக்கத்து வீடுகளில் நாலைந்து பேர் சேர்ந்துண்ணும் பெரிய சஹன் பீங்கானில் இருந்தால் அதை இந்த ஒரு சோதனையை வைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

அப்போது அடுத்த சோதனை. தட்டைக் கவிழ்த்தால் அடியில் ஒரு வளையம் இருக்கும். அது தரையைத் தொடும் விளிம்பில் பூச்சு தேய்ந்தோ, ஆரம்பத்திலிருந்தே இல்லாமலோ வெறும் மண் தெரியும். அங்கே ஈர விரலால் தொடுங்கள். ஈரம் உடனே உள்ளே இழுத்துக்கொண்டால் மண்பாண்டம், மேலேயே நின்றால் பீங்கான். ஓரத்தில் சில்லு போயிருந்தால் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பீங்கான் உடைந்த வாய் கற்கண்டு உடைந்ததுபோல் வழவழவென்று மின்னும். மண்பாண்டத்தின் வாய் பொரபொரவென்று தூசி உதிர்க்கும்.

மண்பாண்டம் என்பதால் மதிப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வில்லோ என்ற புகழ்பெற்ற நீல வடிவத்தை எடுத்துக்கொள்வோம். தொங்கும் மரம், பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு பறவை. அது போட்ட பழைய தட்டுகளில் மிகப் பல மண்பாண்டம்தான். பார்த்தால் சீனத்துப் படம் என்றே தோன்றும். ஆனால் 1790 வாக்கில் இங்கிலாந்தில் உருவான படம் அது. "சீனத்துத் தட்டு" என்று சொல்லி இதைக் காட்டினால் சிரித்துக்கொண்டே விலையைப் பேசலாம்.

முதுகில் எழுதியிருப்பது

நான் அதிக நேரம் செலவழிப்பது இந்தப் பக்கத்தில்தான். முத்திரை பூச்சுக்கு அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள். அடியில் இருந்தால் நகத்துக்கு எதுவும் தட்டாது. மேலே இருந்தால் லேசாகத் தட்டும். பூச்சுக்கு மேலே போடும் முத்திரையை யாரும் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். பழைய தொழிற்சாலைகளும் மேலே போட்டதுண்டு என்பதால் இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அடியில் இருக்க வேண்டிய முத்திரை மேலே இருந்தால் விலகிவிடுங்கள்.

ஜெர்மனியின் மைசன் அப்படிப்பட்ட ஒன்று. ஐரோப்பாவில் உண்மையான பீங்கானை முதலில் செய்த தொழிற்சாலை இது, தொடங்கியது 1710-ல். அதன் நீல நிறக் குறுக்கு வாள்கள் உலகத்தில் அதிகம் போலி செய்யப்பட்ட முத்திரைகளில் ஒன்று. அசலில் அது பூச்சுக்கு அடியில் கையால் எழுதியது. வாள்களின் மேல் குறுக்கே கீறல் இருந்தால், தொழிற்சாலையே இரண்டாம் தரம் என்று கழித்த தட்டு என்று பொருள்.

டேனிஷ் கதைக்கு வருவோம். ராயல் கோபன்ஹேகன் தட்டின் அடியில் நீலத்தில் மூன்று அலைக்கோடுகள் இருக்கும், டென்மார்க்கின் மூன்று நீரிணைகளைக் குறிப்பவை. அந்தத் தொழிற்சாலை தொடங்கியது 1775-ல். ஆகவே மூன்று அலையைக் காட்டி "கோட்டை கட்டின காலத்துச் சாமான்" என்று ஒருவர் சொன்னால் கணக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் உதைக்கிறது. அலையோடு கிரீடமும் கம்பெனிப் பெயரும் பச்சையில் அச்சாகியிருந்தால் இன்னும் பிந்தையது. தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்று வெகுநாள் கழித்துச் செய்தது. 1935-க்குப் பிறகு அந்தப் பெயரில் ஏதாவது ஓர் எழுத்தின் மேலோ கீழோ சின்னக் கோடு போட்டு ஆண்டைக் குறித்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். டேனிஷ் கப்பல்கள் 18-ம் நூற்றாண்டில் சீனத்துக் காண்டன் துறைமுகத்திலிருந்துதான் பீங்கானை ஏராளமாக ஏற்றின. தரங்கம்பாடிக் கதை மெய்யாக இருந்தால், தட்டு டென்மார்க்கில் செய்ததாக இருப்பதைவிடச் சீனத்தில் செய்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சுவரில் மாட்டவென்றே ஆண்டுதோறும் வெளியிடும் கிறிஸ்துமஸ் தட்டுகளும் டென்மார்க்கில் பிறந்தவைதான். பிங் அண்ட் குரோண்டால் 1895-ல் தொடங்கியது, ராயல் கோபன்ஹேகன் 1908-ல். ஆண்டு முகப்பிலேயே இருப்பதால் புதியவர்களுக்கு வசதி. பிந்தைய ஆண்டுத் தட்டுகள் உலகமெங்கும் நிறைய இருப்பதால் அதிக விலை கொடுக்க வேண்டாம்.

நாட்டின் பெயரும் காலத்தைச் சொல்லும். அமெரிக்காவில் 1890-ல் வந்த சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றது. அதனால் 1891 முதல் இங்கிலாந்து, பிரான்ஸ் போன்ற பெயர்கள் முத்திரையில் வழக்கமாயின. 'மேட் இன்' சேர்ந்திருந்தால் பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டு. ஆனால் சென்னைக்கோ ரங்கூனுக்கோ அனுப்பிய சரக்குக்கு அமெரிக்கச் சட்டம் பொருந்தாது. நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக 1891-க்கு முந்தையது என்று பணத்தைக் கொட்டிவிடாதீர்கள். இங்கிலாந்துத் தட்டில் வைர வடிவக் கட்டமும் அதன் மூலைகளில் எழுத்தும் எண்ணும் இருந்தால், அந்த வடிவம் 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது. 1884 முதல் வெறும் பதிவு எண் போட்டார்கள். இரண்டுமே வடிவத்தைப் பதிவு செய்த காலத்தைத்தான் காட்டும். தட்டு அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

காரைக்கால் பக்கம் 'லிமோஜ்' என்று எழுதிய தட்டு கிடைத்தால் அது ஊர்ப் பெயர், ஒரு கம்பெனியின் பெயர் அல்ல. அந்தப் பிரெஞ்சு நகரில் பல தொழிற்சாலைகள் இருந்தன. எந்தத் தொழிற்சாலை என்பதை வைத்துத்தான் விலை. சீன எழுத்தில் ஆறு எழுத்து முத்திரை இருந்தால் அது அரசர் பெயராக இருக்கும். காங்ஷி என்றால் 1662 முதல் 1722 வரை ஆண்டவர். ஆனால் பழைய அரசர்மேல் உள்ள மரியாதையில் பிற்காலத்துச் சீனக் கைவினைஞர்களே அந்தப் பெயரை எழுதி வந்தார்கள். அரசர் பெயரை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது.

ஜப்பான் தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. ரங்கூன், பினாங்கு தொடர்புள்ள குடும்பங்களில் இவற்றைத் தேடலாம். முதுகில் ஆங்கில எழுத்தில் 'நிப்பான்' என்றிருந்தால் 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்டது. 1921 முதல் 'ஜப்பான்'. ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பானில் செய்தது என்ற பொருளில் எழுதியிருந்தால் இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1952-க்குள். நன்னிலம் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த தட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. அடர்நீல விளிம்பு, அதன்மேல் பொடிப்பொடிப் புள்ளியாகப் பொன், நடுவில் வெளிர்ரோஜாப் பூங்கொத்து. விளிம்புப் பொன் முழுக்க இருந்தது, எதிரெதிரே இரண்டு இடம் தவிர. தட்டை இரு கையால் பிடித்தால் கட்டைவிரல்கள் சரியாக அந்த இரண்டு இடத்தில்தான் உட்காரும். "எங்க மாமனாரோட அப்பா ரங்கூன்ல இருந்தப்ப வாங்கினது தம்பி, தாம்பூலம் வைக்க எடுப்போம்" என்றார் அந்த அம்மா. திருப்பினால் பச்சையில் நிப்பான் முத்திரை. தட்டு சொன்னதும் குடும்பம் சொன்னதும் ஒத்துப்போனது. அவர்கள் அதை விற்கவில்லை, விற்கக் கூடாது என்றுதான் நானும் சொன்னேன்.

படமும் தேய்மானமும்

லென்ஸை முகப்பில் வையுங்கள். கையால் வரைந்ததில் தூரிகை வரிகள் தெரியும். ஒரே மாதிரி இரண்டு இலை இருக்காது. செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் அச்செடுத்துத் தட்டில் ஒட்டிய பழைய அச்சுமுறையில், கரை வேலைப்பாட்டில் ஏதாவது ஓரிடத்தில் தாளின் இரு முனையும் சரியாகப் பொருந்தாமல் பூ பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அந்தத் தவறைக் கண்டால் மகிழுங்கள், அது பழைய கைவேலையின் அடையாளம். ஒரே சீரான புள்ளிக்கட்டமாகத் தெரிந்தால், பத்திரிகைப் படத்தை அச்சிடும் முறையில் வந்த புது ஒட்டுப்படம்.

தேய்மானம் நியாயமான இடத்தில் இருக்க வேண்டும். அடி வளையத்தில், கைபடும் விளிம்பில், நடுவில் எல்லாத் திசையிலும் மெல்லிய கீறல். ஒரே திசையில் கீறல் என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. அடி வளையம் முழுக்க ஒரே சீரான பழுப்பு என்றால் தேயிலைச் சாயமோ வேறு சாயமோ ஏற்றியதாக இருக்கலாம்.

சேதம் பார்ப்பது

தட்டை மூன்று விரல் நுனியில் ஏந்தி, விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். முழுசான பீங்கான் கணீரென்று ஒலித்து ஓசை கொஞ்சம் நீளும். விரிசல் இருந்தால் டொக்கென்று நின்றுவிடும். மண்பாண்டம் விரிசல் இல்லாமலும் மந்தமாகத்தான் ஒலிக்கும், அதைக் குற்றமாக எடுக்க வேண்டாம். பிறகு கடையின் இருட்டான மூலைக்குப் போய் ஊதா விளக்கைப் போடுங்கள். பிற்காலத்துப் பசையும் பெயிண்டும் மற்ற இடத்திலிருந்து வேறு நிறத்தில் திட்டாக ஒளிரும்.

பின்பக்கம் உலோகக் கொக்கி போட்டு இணைத்த தட்டு எப்போதாவது வரும். வலுவான பசை வருவதற்கு முந்திய காலத்தில் இருபக்கமும் நுண்ணிய துளையிட்டுக் கம்பிக் கொக்கி மாட்டி உடைந்ததைச் சேர்த்தார்கள். விற்பனை மதிப்பு குறைவுதான். ஆனால் ஒரு குடும்பம் அந்தத் தட்டை எவ்வளவு விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. குறைந்த விலைக்கு வந்தால் தயங்காமல் வாங்குங்கள், கொக்கியைக் கழற்ற முயலாதீர்கள்.

விலை பேசும்போது விரிசல், ஒட்டு, சில்லு மூன்றையும் தனித்தனியே காட்டிப் பேசுங்கள். முடிபோன்ற விரிசல்கூட விலையைப் பாதிக்கு மேல் இறக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஆரம்பத்தில் பெரிய தொகைக்குப் போகாதீர்கள். முழுசான ஒரு சாதாரண ஜப்பான் தட்டு, உடைந்து ஒட்டிய ஓர் அரிய சீனத் தட்டைவிட உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். ரசீது கட்டாயம் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பேருந்தில் கொண்டுவருவதானால் பழைய வேட்டித் துணியில் தனித்தனியே சுற்றி, பெட்டியில் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கவைத்து அடுக்கினால் மேல்தட்டின் பாரம் கீழ்த்தட்டில் இறங்கும்.

கழுவ ஒரு பிளாஸ்டிக் டப், அடியில் துண்டு, வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு மென்மையான சோப்புத் திரவம். புளி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் பொடி, கம்பி நார் எதுவும் கூடாது. பித்தளைக்குச் செய்யும் வைத்தியம் பீங்கானுக்கு விஷம்: புளிப்பு மேற்பூச்சு வண்ணத்தை அரிக்கும், பொடி பொன்னைத் தேய்க்கும். பூச்சில் வலைபோல் நுண்விரிசல் ஓடிய மண்பாண்டத் தட்டை ஊறவைக்கவே வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். நாகை, வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பு நுண்விரிசல் வழியே இறங்கி, காயும்போது பூச்சைப் பெயர்க்கும். துடைப்பதற்கும் கடைசி அலசலுக்கும் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள்.

இந்தத் தட்டில் சாப்பாடு வேண்டாம். பழைய மேற்பூச்சு வண்ணங்களில் ஈயம் இருக்கும். மோரும் ஊறுகாயும் அதைக் கரைத்து எடுக்கும்.

மாட்டுவதற்கு ஸ்பிரிங் கம்பி கொக்கி கிடைக்கும். அதன் நுனி விளிம்பைக் கடிக்காமல் பிளாஸ்டிக் குழாய் செருகி, தட்டுக்கு இறுக்கமில்லாத அளவாக வாங்குங்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் ஆணியைப் பிடிக்காது, ஈரமும் சுவரில் ஏறும். அப்படிப்பட்ட வீட்டில் மர ஸ்டாண்டில் நிறுத்தி, கண்ணாடி அலமாரியில் வைப்பதே மேல். ஐப்பசி பிறந்தால் சுவரில் இருப்பதையெல்லாம் இறக்கித் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்த மாதிரி ஒரு புயல் வந்தால் இறக்க நேரம் இருக்காது.

தட்டு வந்த அன்றே முன்பக்கம், பின்பக்கம், முத்திரை மூன்றையும் படமெடுத்து, ஒரு நோட்டில் எங்கே, யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது, விற்றவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்னதாக ஒரு வரியிலும், தட்டில் நீங்கள் கண்டதை வேறு வரியிலும் எழுதுங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து இரண்டும் நினைவில் கலந்துவிடும். குடும்பத்தாரிடமே நேரடியாக வாங்கினால், கொண்டுவந்தவர் எந்த ஊரில் என்ன வேலை பார்த்தார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் சட்டம். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ அனுப்பவோ முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குக் கொடுத்தனுப்பலாம் என்ற எண்ணம் இருந்தால், தட்டு தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் பெறுங்கள். நூறு ஆண்டு கடந்த பொருளை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். வயலிலோ கடற்கரையிலோ தோண்டும்போது பழைய பீங்கான் கிடைத்தால் கழுவி அலமாரியில் வைக்காதீர்கள், கிடைத்த இடத்திலேயே விட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மண்ணுக்குள் எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அதன் காலத்தைக் கணிப்பார்கள்.